இணையத்திலும் பட்டா வேண்டும்

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி போட்டிருக்கும் பல வீடுகளில் தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்கும். நெசவாளர் மிதியை ஒரு முறை மிதித்தால் ஓர் அட்டை நகரும். அட்டையில் துளை உள்ள இடத்திற்கேற்பப் பாவு இழைகள் எழும்பும். நாடா ஓடும். கரையில் மயிலோ மாங்காயோ ஒரு வரி வளரும். அந்த மயிலைக் கட்டக் காகிதத்தில் வரைந்தவர் வேறொருவர். அதைப் பார்த்து அட்டையில் துளையிட்டவர் இன்னொருவர். நெசவாளருக்கு அந்த வித்தை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அட்டையை மாற்றினால் உரு மாறிவிடும்.

விவசாயப் பகுதியில் தறிக் கதை எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. இந்த அட்டை முறையைப் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804இல் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதை 1830களில் தாம் வகுத்த கணக்கு யந்திரத்துக்கு இதே அட்டைகளைப் பயன்படுத்த எண்ணினார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் என்பவரின் யந்திரங்கள் துளையிட்ட அட்டைகளைக் கொண்டே தலைகளை எண்ணின. கம்ப்யூட்டருக்குத் தறி பாட்டன் முறை என்று சொன்னால் அது மிகையாகாது.

இன்று ஓர் இணையதளத்தை, அதாவது எந்த ஊரில் இருப்பவரும் செல்போனில் திறந்து பார்க்கக்கூடிய ஒரு கடைப் பலகையை, அமைத்துக்கொள்ளக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. ஆயத்தமான அச்சுகள் கிடைக்கின்றன. பெயர், ஊர், படம், விலை ஆகியவற்றை அதற்கான கட்டங்களில் நிரப்பினால் பக்கம் தயாராகிவிடுகிறது. வாயால் சொன்னாலே பக்கத்தை எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துள்ளன. தறிக்கு அட்டை எப்படியோ, இணையத்துக்கு இந்தக் கருவிகள் அப்படி.

ஆனால் தறி இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. அட்டை எளிது, அந்த அட்டை யாருடையது? பட்டு நூலையும் சரிகையையும் உருவையும் முதலாளி கொடுக்க, கூலிக்கு நெய்யும் நெசவாளர் காஞ்சிபுரத்தில் ஏராளம். புடவை கடையின் பெயரில் வெளியே போகிறது. நெய்தவர் பெயர் வாங்கியவருக்குத் தெரியாது. இந்த நிலையை மாற்றத்தான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. இணையதளக் கருவி விஷயத்திலும் சிறு விவசாயி கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: அது எளிதா? அது யார் பெயரில் இருக்கிறது? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர் குறைவு.

கேட்பவரும் சொல்பவரும்

இணையத்தின் பிறப்பைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கருகே உள்ள சேர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற விஞ்ஞானி 1990இல் முதல் இணைய உலாவியை உருவாக்கினார். அந்த ஒரே கருவியில் பக்கத்தைப் படிக்கவும் முடிந்தது, எழுதவும் முடிந்தது. படிப்பவர் எல்லோரும் எழுதவும் வேண்டும் என்பது அவர் நோக்கம். 1993 ஏப்ரல் 30இல் சேர்ன் நிறுவனம் அதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுக் கொடுத்தது. ஆனால் பின்னால் மக்களிடையே பரவிய உலாவிகளில் படிக்கும் பாதிதான் நிலைத்தது. எழுதுவது விவரம் தெரிந்தவர் வேலை என்றாகிவிட்டது.

தமிழுக்கு மேலும் ஒரு சங்கடம். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். ஆயினும் பல ஆண்டுகள் வரை ஓர் எழுத்துருவில் எழுதியது இன்னோர் இடத்தில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி விசைப்பலகைக்கு ஒரு பொது முறை வந்தது. யூனிகோடு முறை பரவிய பிறகே எல்லாக் கருவிகளிலும் தமிழ் ஒரே மாதிரி தெரியலாயிற்று. 1999இல் பிளாக்கர், 2003இல் வேர்ட்பிரஸ் என்று எளிய கருவிகள் வந்தன. பள்ளிக்கூட ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் எழுதத் தொடங்கினார்கள்.

இதில் விவசாயியின் இடம் எது? வானொலியில் "வீடும் வயலும்" ஒலித்த காலம் முதல் அவர் கேட்பவராகவே இருந்து வருகிறார். 2018இல் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலியில் மானிய விவரம், விலை நிலவரம், வானிலை எல்லாம் பார்க்கலாம். பயனுள்ள ஏற்பாடுதான். அதிலும் விவசாயிக்குச் சொல்ல வேண்டியதைத்தான் பிறர் சொல்கிறார்கள். விவசாயி சொல்ல வேண்டியதற்கு இடம் எங்கே?

1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது இந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. விளைவித்தவரே தராசைப் பிடித்து, வாங்குபவரை நேருக்கு நேர் பார்த்து விற்றார். இணையதளம் என்பது சிறு விவசாயிக்கு இன்னோர் உழவர் சந்தை. மேடை தகரக் கூரையின் கீழ் இல்லை, செல்போனில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

எல்லோருக்கும் இது தேவை என்று சொல்வது நேர்மையாகாது. சம்பா நெல் முழுவதையும் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் அளந்துவிடும் விவசாயிக்கு இணையதளத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது காலத்தில் திறக்கும் நிலையமும், ஒழுங்கான எடையும், தட்டில்லாமல் கிடைக்கும் சாக்கும்தான். ஆலைக்குக் கரும்பு பதிவு செய்தவருக்கும் அப்படியே.

சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று பட்டங்களில் ஒன்றிலாவது சீரகச் சம்பாவோ தூயமல்லியோ கருப்புக் கவுனியோ பயிரிட்டு, அரிசியாக்கி நேராக விற்க நினைப்பவருக்கு இது தேவை. நிலக்கடலையை மூட்டையாகப் போடாமல் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்பவருக்குத் தேவை. நாற்று, விதை நெல், நாட்டுக்கோழி, கீரை என்று கைப்பிடி அளவில் விற்பவருக்கும் தேவை. இவர்களிடம் சரக்கு குறைவு. ஆனால் சரக்கைப் பற்றிச் சொல்ல விஷயம் உண்டு. எந்த ஏரிப் பாசனம், என்ன எரு, எப்போது அறுத்தது, எங்கே அரைத்தது என்பதை அறிய விரும்பும் வாடிக்கையாளர் உண்டு. வியாபாரியின் கிடங்குக்குப் போனால் எல்லா மூட்டையும் ஒரே மூட்டைதான்.

காஞ்சிபுரத்துக்கு இதில் ஒரு தனி வாய்ப்பும் இருக்கிறது. முகூர்த்தப் புடவைக்காகவும் கோயில்களுக்காகவும் வெளியூரார் நாள்தோறும் வருகிறார்கள். காமாட்சியம்மன் கோயிலிலும் ஏகாம்பரநாதர் கோயிலிலும் தரிசனம் முடித்துப் புடவையோடு திரும்பும் குடும்பம், பக்கத்துக் கிராமத்தில் விளைந்த பத்துக் கிலோ அரிசியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். அது எங்கே கிடைக்கும் என்பது புறப்படுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் செய்தியைச் சொல்லும் பலகைதான் இல்லை.

வாட்ஸ்அப் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரிந்தவருக்குச் சொல்ல அது போதும். நேற்று அனுப்பிய விவரம் இன்று வரும் நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடும். நம்பர் தெரியாத புது வாடிக்கையாளர் தேடி வர அதில் வழியில்லை. தேடுபவர் கண்ணில் படும்படி நிலையாக நிற்கும் ஒரு பக்கம் இருந்தால், வாட்ஸ்அப் அதற்குத் துணையாக வேலை செய்யும்.

எளிமை இருந்தது, பட்டா இல்லை

இலவசமாகவும் எளிதாகவும் கிடைத்த ஒரு கருவியின் கதையை ஒவ்வொரு விவசாயியும் அறிய வேண்டும். கூகுள் நிறுவனம் 2017இல் சிறு வியாபாரிகளுக்கு ஓர் இலவச வசதியைக் கொண்டுவந்தது. கடையின் பெயர், முகவரி, படம் ஆகியவற்றைப் பதிந்தால் சில நிமிஷங்களில் ஓர் இணையதளம் தயாராகிவிடும். இந்தியாவில் இதற்கு நல்ல விளம்பரமும் நடந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்துகொள்ளக்கூடியதாக அது இருந்ததை மறுப்பதற்கில்லை.

2024 மார்ச் மாதத்தில் அந்தத் தளங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டன. தளத்துக்கு வந்தவர்களை அந்தக் கடையைப் பற்றிய கூகுள் குறிப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு ஜூன் 10 வரை நீடித்தது. அதன் பிறகு அதுவும் இல்லை. அட்டையில் அச்சிட்ட முகவரி, மூட்டையில் ஒட்டிய முகவரி, பலகையில் எழுதிய முகவரி எல்லாம் பயனற்றுப் போயின. நிறுவனம் முன்கூட்டியே அறிவித்தது. ஏமாற்றியது என்று சொல்ல முடியாது. இடம் அவர்களுடையது. தந்தார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

இது புதிதும் இல்லை. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற சேவையில் உலகெங்கும் சாதாரண மக்கள் இலவசமாகப் பக்கங்கள் அமைத்தார்கள். 1999இல் அதை யாகூ நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2009இல் அமெரிக்காவில் மூடிவிட்டது. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து அமைத்த பக்கங்கள் அத்தோடு போயின.

கிராமத்தில் இதற்குப் பெயர் உண்டு. வாய்வார்த்தைக் குத்தகை. நிலத்தைத் திருத்தி, எரு அடித்து, வரப்பு கட்டி, கிணற்றில் தூர் வாரிய பிறகு நிலக்காரர் "அடுத்த பட்டத்துக்கு வேண்டாம்" என்றால் குத்தகைதாரர் வெறுங்கையோடு கரையேற வேண்டியதுதான். இலவசப் பக்கமும் அத்தகையதே. எத்தனை எளிதாக இருந்தாலும் எழுதியவருக்கு அதன் மேல் உரிமை கிடையாது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. இணைய முகவரியைச் சொந்தப் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். டொமைன் என்று சொல்வது இதைத்தான். ".இன்" என்று முடியும் முகவரியும் உண்டு, தமிழ் எழுத்திலேயே ".இந்தியா" என்று முடியும் முகவரியும் உண்டு. நிலத்துக்குக் கிஸ்தி கட்டுவது போல ஆண்டுதோறும் ஒரு சிறு கட்டணம் கட்டிவர வேண்டும். கட்டும் வரை வேறொருவர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. பக்கம் அமைக்கும் கருவி பிடிக்காவிட்டால், அல்லது அந்த நிறுவனமே கடையை மூடிவிட்டால், அதே முகவரியை வேறு கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம். வீடு மாறினாலும் மனை மாறாது. வாடிக்கையாளர் பழைய முகவரியிலேயே வருவார். இந்தப் பதிவுதான் இணையத்தில் பட்டா.

1904இல் பெரிய காஞ்சிபுரம் செய்தது

ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக இதையெல்லாம் செய்ய முடியுமா? முகவரி பதிவு, ஆண்டுக் கட்டணம், கடவுச்சொல், பழுது பார்ப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு தலைவலி. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் பெரிய காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கடன் கொடுப்பதும் கணக்கு எழுதுவதும் லேவாதேவிக்காரர்களின் வித்தையாக இருந்தன. பத்திரம் எழுதத் தெரியாதவர், வட்டிக் கணக்குப் புரியாதவர் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் ஜெர்மனியில் ரைபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1890களின் பிற்பகுதியில் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். 1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் பதிவாயிற்று. அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. பெரிய காஞ்சிபுரம் கூட்டுறவு நகர வங்கி அதன் வழி வந்ததே.

அங்கே நடந்தது என்ன? எல்லா உறுப்பினரும் வங்கித் தொழில் கற்றுக்கொள்ளவில்லை. கணக்கு தெரிந்த ஒருவரைச் சங்கம் வைத்துக்கொண்டது. பேரேடு சங்கத்தின் சொத்தாயிற்று. சங்கம் உறுப்பினர்களின் சொத்தாயிற்று. கடினமான கருவி எளியவர் கைக்கு வந்தது. அதே சமயம் உரிமையும் அவர்களிடமே நின்றது. இரண்டும் ஒன்றாக நடந்ததால்தான் நூறாண்டுகளுக்குப் பிறகும் அது நிற்கிறது.

சங்கங்கள் எடுக்க வேண்டிய காரியம்

தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உள்ளன. உரம் வாங்கவும் பயிர்க் கடன் பெறவும் விவசாயி அங்கேதான் போகிறார். சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022இல் ஒப்புதல் அளித்தது. பல சங்கங்களில் பொதுச் சேவை மையமும் நடக்கிறது. இடம் இருக்கிறது, யந்திரம் இருக்கிறது, உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆளும் இருக்கிறார். இல்லாதது ஒரு தீர்மானம்தான்.

ஒவ்வொரு சங்கமும் ஒரே ஒரு இணைய முகவரியைச் சங்கத்தின் பெயரில் பதிவு செய்துகொள்ளட்டும். அதன் கீழே, விரும்பும் உறுப்பினருக்கு ஒரு பக்கம் ஒதுக்கட்டும். முன்னூறு பேர் இருந்தாலும் முகவரிக்குக் கட்டணம் ஒன்றுதான். தலைக்கு ஒரு டீக்காசு கூட ஆகாது. படம் எடுத்துப் போட, விலை மாற்ற, பழுது பார்க்க ஊர்ப் பிள்ளைகளில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். பதிவு பெற்ற உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இதைச் செய்யலாம்.

சங்கத்தை நம்ப முடியுமா என்ற ஆட்சேபணையை ஒதுக்கிவிட முடியாது. செயலாளர் மாறுவார், நிர்வாகக் குழு மாறும், கட்சிக் காற்று வீசும், வேண்டாதவர் பக்கத்தை அழித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். ஆகவே சில விதிகளை முதலிலேயே தீர்மானமாக எழுதிவிட வேண்டும். பக்கத்தில் உள்ள எழுத்தும் படமும் உறுப்பினரின் சொத்து. அவர் கேட்ட நாளில் முழுப் பிரதியும் கொடுத்தாக வேண்டும். அவருக்கு அறிவிக்காமல் எதையும் நீக்கக் கூடாது. ஆண்டுக் கட்டணம் கட்டிய ரசீது பொதுக்குழுவில் வைக்கப்பட வேண்டும். பேரேட்டுக்குத் தணிக்கை உண்டென்றால் இதற்கும் தணிக்கை வேண்டும். குறையுள்ள சங்கத்தில் உறுப்பினர் எழுந்து நின்று கேட்கலாம். கடல் கடந்த நிறுவனத்தில் எழுந்து நிற்க இடமே கிடையாது.

பெரிய நிறுவனங்களின் இலவச வசதிகளை ஒதுக்க வேண்டும் என்பதில்லை. தெரு முனையில் வைக்கும் வழிகாட்டிப் பலகையாக அவை இருக்கட்டும். பலகை காட்டும் கடை சொந்த மனையில் இருக்க வேண்டும்.

எது எளிய கருவி?

கருவி செய்பவர்களும் சிலவற்றை யோசிக்க வேண்டும். பொத்தான்களைக் குறைத்துவிட்டால் கருவி எளிதாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். தமிழில் இருக்கிறது என்று சொல்லும் கருவிகளிலும் சொற்கள் பல புரிவதில்லை. அதைவிடப் பெரிய குறை, ஆயத்த அச்சுகள் பட்டணத்துக் கடையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பது. கடையில் ஆண்டு முழுவதும் சரக்கு இருக்கும். வயலில் அப்படியா? "நவரை அறுவடைக்கு இன்னும் இருபது நாள்", "புது அரிசி பங்குனியில்", "இந்தப் பட்டம் மழையில் போயிற்று" என்று எழுத அந்த அச்சுகளில் கட்டமே இல்லை. மூட்டை, மரக்கால், படி என்று விற்பவருக்குக் கிலோ என்ற ஒரு கட்டம் போதாது. வரப்பில் நின்று படம் எடுக்கும்போது சிக்னல் போய்விட்டால், எழுதியது எல்லாம் அழியாமல் நிற்க வேண்டும். எழுதச் சிரமப்படுபவர் பேசினால் போதும் என்று இருக்க வேண்டும்.

இதற்கு வழிகாட்டி பக்கத்திலேயே உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடு மையமாக இருந்தது. எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் அமைந்தது. கிராமத்துக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் கிராமத்தாரிடமே கேட்டார்கள். ஊர்ப் பெண்களும் இளைஞர்களும் பயிற்சி பெற்று விவரங்களைத் தமிழில் ஏற்றினார்கள். வீராம்பட்டினத்தில் அலை உயரம் பற்றி அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் வந்த முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர் கம்ப்யூட்டரைத் தொட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. எளிமை என்பது இதுதான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தொலைபேசிக் கம்பியையும் ரேடியோ அலையையும் வைத்துச் செய்ய முடிந்ததை, கைக்குக் கை செல்போன் இருக்கும் இன்று செய்ய முடியாதென்பது சரியாகாது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. இணைய முகவரி விவசாயியின் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ பதிவாக வேண்டும். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பணம் வாங்குபவர் தம் பெயரில் பதிந்துகொண்டால் பிறகு மீட்பது கடினம். பதிவு ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும்.

2. பதிவுக்குக் கொடுக்கும் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் சொந்தமானவையாக இருக்க வேண்டும். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி, பட்டா, சிட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

3. ஆண்டுக் கட்டணம் கட்டும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். தவறினால் முகவரி கைமாறிப் போகும்.

4. பக்கத்தில் பெயர், ஊர், தாலுகா, வந்து சேரும் வழி, விளையும் பொருள், அறுவடை மாதம், இருப்பு, விலை, அந்த விலை எழுதிய தேதி ஆகியவை இருந்தால் போதும். அலங்காரம் தேவையில்லை.

5. படம் சொந்த வயலின் படமாக இருக்கட்டும். எழுத்தையும் படத்தையும் ஒரு பிரதி தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

6. செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிக் கொடுத்தால், வரி வரியாகப் படித்துப் பார்க்காமல் வெளியிடக் கூடாது. கேட்காததையும் அது சேர்த்துவிடும். சான்று பெறாத நெல்லுக்குச் "சான்று பெற்ற இயற்கை விளைச்சல்" என்று அது எழுதிவிட்டால், பொய் சொன்ன பழி விவசாயிக்குத்தான்.

7. வாங்குபவர் போலப் பேசி ஓ.டி.பி. எண் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. பணம் பெறுவதற்கு ஓ.டி.பி. சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது.

அரசாங்கமும் முன்வர வேண்டும்

கூட்டுறவுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே சங்கங்கள் முகவரி பதிவு செய்துகொள்ள வழி பிறக்கும். வேளாண்மைத் துறை தனக்கென்று இன்னொரு செயலி செய்வதைக் காட்டிலும், விவசாயி தானே நிரப்பக்கூடிய ஓர் அச்சைத் தமிழில் செய்து எல்லாச் சங்கங்களுக்கும் இலவசமாகக் கொடுப்பது மேல். அந்த அச்சில் சொர்ணவாரியும் நவரையும் மூட்டையும் மரக்காலும் இருக்க வேண்டும். முதல் சோதனையைக் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, பாலாற்றங்கரைக் கிராமங்களில் பத்துச் சங்கங்களைக் கொண்டு நடத்திப் பார்க்கலாம். ஒரு சம்பா பட்டம் போதும், பலன் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊரின் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்டது. பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டால் உழைத்தவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை என்பதை இந்த ஊர் பட்டு உணர்ந்தது. பக்கத்து வயலில் விளையும் நெல்லுக்கும் அந்த அறிவு உதவட்டும். பக்கம் அமைத்துத் தர இன்று ஆயிரம் கருவிகள் உண்டு. அமைத்த பக்கத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கேட்கும் விவசாயி நஷ்டப்பட மாட்டார்.